கையைக் கட்டி அளந்த கதை

லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது டெடிங்டன். பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த ஊர் தேவாலயத்துக்குப் பாதிரியாராக இருந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வார். மற்ற நாள்களில் உயிருள்ள எதையாவது அளந்துகொண்டிருப்பார். திராட்சைக் கொடியை வெட்டி, வெட்டிய முனையில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, சாறு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பார். அதே வித்தையை விலங்குகளின் இரத்தக் குழாய்களிலும் செய்தார்.

ஒரு டிசம்பர் மாதத்தில் பெண் குதிரை ஒன்றைத் தரையில் மல்லாத்திக் கட்டினார்கள். வயது ஏறக்குறைய பதினான்கு, முதுகின் மேட்டில் புரையோடிய புண். ஹேல்ஸ் அதன் தொடைத் தமனியைத் திறந்து, ஒரு சிறு பித்தளைக் குழாயைச் செருகி, அதன் மேல் ஒன்பதடிக் கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். தமனியில் போட்டிருந்த கட்டை அவிழ்த்ததும் இரத்தம் குழாயில் ஏறத் தொடங்கியது. இதயத்தின் மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் வரை போய் நின்றது. நின்றது என்று சொல்வது முழுக்கச் சரியல்ல. ஒவ்வொரு துடிப்புக்கும் சில அங்குலம் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. சிரையில் அதே போலக் குழாயை வைத்தபோது ஓரடி உயரம்தான் கிடைத்தது. இதையெல்லாம் 1733-இல் அவர் புத்தகமாக வெளியிட்டார்.

பக்கத்து ஊர் ட்விக்கன்ஹாமில் கவிஞர் அலெக்சாண்டர் போப் குடியிருந்தார். தன் உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஹேல்ஸை அழைக்கும் அளவுக்கு இருவரும் பழக்கம். ஆனாலும் இந்த அறுப்பு வேலை போப்புக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. இன்று படிக்கும்போது நமக்கும் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அந்தக் குதிரையின் இரத்தம் ஏறிய உயரம்தான் உலகில் முதன்முதலில் எழுதி வெளியிடப்பட்ட இரத்த அழுத்த அளவு.

ஹேல்ஸ் வெறுமனே உயரத்தைக் குறித்துக்கொண்டு போய்விடவில்லை. இரண்டு கேள்விகள் அவரைக் குடைந்தன. இதயம் விட்டுவிட்டுத்தானே சுருங்குகிறது? இரண்டு சுருக்கங்களுக்கு நடுவே குழாயில் இரத்தம் ஏன் அடிவரை இறங்கிவிடுவதில்லை? அந்தக் காலத்துத் தீயணைப்பு இயந்திரத்தில் அவருக்கு விடை கிடைத்தது. அதில் ஆட்கள் நெம்புகோலை மேலும் கீழும் அடிப்பார்கள். தண்ணீர் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். நடுவில் கவிழ்த்து வைத்த குமிழ் ஒன்றில் காற்று அடைபட்டிருக்கும். ஒவ்வொரு அடிக்கும் அந்தக் காற்று நசுங்கும். அடி ஓய்ந்த நேரத்தில் விரிந்து தண்ணீரைத் தள்ளும். அதனால் குழாய் முனையில் தண்ணீர் விடாமல் பாயும். பெருந்தமனியும் அதன் பெரிய கிளைகளும் செய்வது இந்த வேலையைத்தான் என்றார் ஹேல்ஸ். இதயம் சுருங்கும்போது அவற்றின் மீள்தன்மையுள்ள சுவர் புடைக்கிறது. இதயம் ஓய்ந்திருக்கும்போது அந்தச் சுவர் தானே சுருங்கி இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. இன்று மருத்துவர் எழுதித் தரும் இரண்டு எண்களில் மேலே உள்ளது முதல் நிலைக்கு, கீழே உள்ளது இரண்டாம் நிலைக்கு. வயதாக ஆகத் தமனிச் சுவர் விறைத்துப் போகும்போது மேல் எண் ஏறிக்கொண்டே போவதும் கீழ் எண் ஏறாமல் நிற்பதும், சில சமயம் இறங்குவதும் இதனால்தான்.

இரண்டாவது கேள்வி: தமனியில் எட்டடி ஏறிய இரத்தம் சிரையில் ஓரடிதான் ஏறுகிறது என்றால், மீதி எங்கே போயிற்று? நடுவில் இருக்கும் நுண்ணிய குழாய்களின் தடையைத் தாண்டுவதில் செலவாகிவிடுகிறது என்று அவர் ஊகித்தார். அந்த ஊகம் சரி.

ஹேல்ஸுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னாலேயே இன்னொரு ஆங்கிலேயர் ஒரு மனிதக் கையைக் கயிற்றால் கட்டிப் பார்த்திருந்தார். வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628-இல் நிறுவியவர். முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினால் மணிக்கட்டில் நாடி நின்றுவிடும், கை வெளிறிக் குளிரும். கட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் நாடி திரும்பும். ஆனால் கை சிவந்து வீங்கும், சிரைகள் கயிறு கயிறாகப் புடைக்கும். ஆழத்தில் ஓடும் தமனி வழியாக இரத்தம் உள்ளே வருகிறது, தோலுக்கடியில் ஓடும் சிரை வழியாகத் திரும்ப முடியவில்லை என்பது பொருள். இதயம் அரை மணி நேரத்தில் தள்ளும் இரத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் உடலில் இருக்கும் மொத்த இரத்தத்தையும் மிஞ்சிவிடும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துத் தந்துகிகளைக் கண்டார்.

ஹார்வியின் கட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் நாடி நிற்கிறது, தளர்த்தினால் திரும்புகிறது. எந்த அளவு இறுக்கினால் நிற்கிறது என்று மட்டும் அவர் கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவருடைய கேள்வி வேறு. அதனால் அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எல்லாரும் தமனிக்குள்ளே போவதற்கே பாடுபட்டார்கள்.

ஒன்பதடிக் குழாயோடு எந்த மருத்துவமனையிலும் வேலை செய்ய முடியாது. பாரிஸில் மருத்துவப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ழான் புவாசெய் 1828-இல் அதைச் சுருக்கினார். இரத்தத்தைத் தானே ஏற விடாமல், ஆங்கில யு எழுத்து வடிவக் குழாயில் ஊற்றிய பாதரசத்தைத் தள்ள விட்டார். பாதரசம் இரத்தத்தை விடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் கனமானது. குதிரையின் எட்டடி மூன்றங்குலம் பாதரசத்தில் 20 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இணைப்புக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்கப் பொட்டாசியம் கார்பனேட் கரைசலை நிரப்பினார். நாம் இன்றும் சொல்லும் "மில்லிமீட்டர் பாதரசம்" என்ற அளவு அங்கிருந்து வந்தது. இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு தமனி வரை போனாலும் அழுத்தம் அவ்வளவாகக் குறையவில்லை என்றும் அவர் கண்டார். அப்படியானால் ஹேல்ஸ் தேடிய தடை அதற்கும் கீழே, இன்னும் மெல்லிய குழாய்களில் இருக்க வேண்டும்.

பிற்பாடு கண்ணாடி நுண்குழாய்களில் நீரை ஓட விட்டு அவர் கண்டுபிடித்த விதிதான் இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளத் திறவுகோல். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிறது. தந்துகிகளுக்குச் சற்று முன்னால் இருக்கும் நுண்தமனிகளைச் சுற்றித் தசை வளையம் உண்டு. அது கொஞ்சம் இறுகினாலே அந்தப் பக்கம் ஓட்டம் வெகுவாகக் குறையும், பின்னால் அழுத்தம் ஏறும். சாப்பிட்டதும் குடலுக்கும், ஓடும்போது காலுக்கும், வெயிலில் தோலுக்கும் இரத்தத்தைத் திருப்பி விடுவது இந்த வளையங்கள்தான். இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் தள்ளுகிறது. அது யாருக்கு எவ்வளவு என்று பங்கு போடும் அதிகாரம் நுண்தமனிகளிடம் இருக்கிறது. அழுத்தம் சடசடவென்று சரிவதும் இங்கேதான். தந்துகிக்குள் இரத்தம் நுழையும்போது 35 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். சிவப்பணு ஒன்று ஒடுங்கிப் போகும் அகலமே உள்ள அந்தக் குழாய்களின் மெல்லிய சுவர் அவ்வளவைத்தான் தாங்கும். இதயத்துக்குத் திரும்பி வரும்போது ஏறத்தாழப் பூஜ்யம். உயர் இரத்த அழுத்தம் என்று நாம் பயப்படும் கோளாறு பெரும்பாலும் இந்த வளையங்கள் தேவைக்கு மேல் இறுகிக் கிடப்பதோடு சேர்ந்தே வருகிறது.

1847-இல் ஜெர்மனியின் கார்ல் லுட்விக் பாதரசத்தின் மேல் ஒரு மிதவையையும் எழுதுகோலையும் வைத்து, சுழலும் உருளையில் அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வரைய விட்டார். 1856-இல் ஃபிரான்ஸைச் சேர்ந்த ஃபேவ்ர் என்ற அறுவை மருத்துவர், கால் கை துண்டிக்கும் அறுவையின்போது திறந்திருந்த தமனியில் குழாயை இணைத்து மனித அழுத்தத்தை நேரடியாக அளந்தார். தொடைத் தமனியில் 120. இன்று நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த எண். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளக் காலை இழக்க வேண்டும் என்றால் யார் வருவார்கள்?

தமனியை வெட்டாமல் அளப்பதற்கு ஒரே வழி, வெளியிலிருந்து அழுத்தி, நாடி நிற்கும் கட்டத்தைப் பார்ப்பது. தமனிக்குள் இருக்கும் விசையும் வெளியில் நாம் கொடுக்கும் விசையும் சமமாகும் இடத்தில் நாடி நிற்க வேண்டுமல்லவா? இந்தக் கருத்தை 1855-இல் கார்ல் ஃபியரோர்ட் சொன்னார். நெம்புகோலும் எடைத் தட்டும் வைத்து மணிக்கட்டை அழுத்தும் பெரிய கருவி ஒன்றையும் செய்தார். கருத்து சரி, கருவி உருப்படவில்லை.

1881-இல் வியன்னாவில் சாமுவேல் வான் பாஷ் செய்த கருவி கொஞ்சம் உருப்பட்டது. இவருடைய வாழ்க்கையே ஒரு நாவல். மெக்சிகோவில் ஐரோப்பியர்கள் உட்கார வைத்த பேரரசர் மாக்சிமிலியனுக்கு அரண்மனை மருத்துவராகப் போனவர். 1867-இல் பேரரசரைச் சுட்டுக் கொல்லும் வரை கூடவே இருந்து, அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். ஊர் திரும்பி, தண்ணீர் நிரப்பிய சிறு ரப்பர் பை ஒன்றை மணிக்கட்டுத் தமனியின் மேல் வைத்து அழுத்தி, நாடி மறையும்போது பாதரசம் காட்டும் உயரத்தைப் படித்தார். சில ஆண்டுகளில் பாரிஸில் பொட்டேன் என்பவர் தண்ணீருக்குப் பதில் காற்றை நிரப்பினார். அப்போதும் ஒரு தொல்லை தீரவில்லை. மணிக்கட்டில் தமனி எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவே ஓடுகிறது. ஒரு புள்ளியில் அழுத்தினால் நழுவும். அழுத்துகிறவரின் கைப்பழக்கத்துக்குத் தக்கபடி எண்ணும் மாறும்.

இத்தாலியின் டூரின் நகருக்கு அருகில் அல்மேசே என்ற ஊரில் 1863-இல் பிறந்தவர் சிப்பியோனே ரிவா-ரொச்சி. காசநோய்க்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றை ஏற்றி அதை ஓய்வெடுக்க வைக்கும் சிகிச்சையைக் கொண்டுவந்த கார்லோ ஃபோர்லானினியிடம் உதவியாளராக இருந்தார். மார்புக் கூட்டுக்குள் செலுத்தும் காற்றின் அழுத்தத்தைக் கவனிப்பது அங்கே அன்றாட வேலை. 1896-இல் டூரின் மருத்துவ இதழில் தன் புதிய கருவியை அவர் விவரித்தார்.

அவர் செய்தது இரண்டே மாற்றம். மணிக்கட்டை விட்டுவிட்டு மேல்கைக்கு வந்தார். அங்கே ஓடும் தமனி பெரியது, பெருந்தமனிக்குப் பக்கத்தில் இருப்பது, நடுவில் ஒரே ஒரு எலும்பு. இரண்டாவது, ஒரு புள்ளியில் அழுத்தாமல் கையைச் சுற்றியே அழுத்தினார். ரப்பர்க் குழாயைத் துணிப்பட்டைக்குள் வைத்துக் கையில் சுற்றிக் கட்டி, ரப்பர் பந்தால் காற்றடித்தார். சுற்றிலும் ஒரே சீராக விழும் அழுத்தம் தசை வழியாக உள்ளே போய்த் தமனியை எல்லாப் பக்கமும் நெருக்குகிறது. நழுவ இடமில்லை. ஒரு கையால் காற்றடித்துக்கொண்டே மறு கை விரலால் மணிக்கட்டு நாடியைப் பிடித்திருக்க வேண்டும். நாடி மறையும்போது பாதரசத்தைப் பார்க்க வேண்டும். சைக்கிள் டியூபும் மைக்கூடும் கொண்டு முதல் கருவியைச் செய்தார் என்று மருத்துவ வரலாற்று நூல்களில் சொல்வார்கள். இறுதி வடிவமும் ஒரு சாதாரணக் கைவினைஞர் செய்து தரக்கூடியதுதான். காப்புரிமை எதுவும் அவர் வாங்கவில்லை. அளக்கும்போது நோயாளி பதற்றமில்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் ஏறிவிடும் என்று அப்போதே எச்சரித்தார். ஹார்வியின் கயிற்றுக்கு ஒரு வழியாக அளவுகோல் கிடைத்துவிட்டது. ஜெர்மன் பேசும் நாடுகளில் இன்றும் மருத்துவர்கள் இரத்த அழுத்த எண்ணுக்கு முன்னால் அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைத்தான் எழுதுகிறார்கள்.

அவருடைய பட்டையில் ஒரு குறை இருந்தது. ஐந்து சென்டிமீட்டர் அளவே அகலம். ஒடுங்கிய பட்டையின் அழுத்தம் கையின் ஆழத்துக்கு முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. அதனால் தமனியை நசுக்கத் தேவைக்கு மேல் காற்றடிக்க வேண்டும், எண் கூடுதலாகக் காட்டும். ஹைன்ரிஷ் வான் ரெக்லிங்ஹவுசன் 1901-இல் இதைக் கண்டு, பட்டையை இரண்டு மடங்குக்கு மேல் அகலமாக்கினார். இந்தக் குறை இன்றும் கிளினிக்குகளில் உயிரோடு இருக்கிறது. பருத்த கையுள்ள ஒருவருக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தம் தெரியும். குழந்தைக்கும், மெலிந்த முதியவருக்கும், பருத்தவருக்கும் தனித்தனிப் பட்டை வேண்டும் என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. உங்கள் மருத்துவரின் மேசையில் எத்தனை அளவுப் பட்டைகள் இருக்கின்றன என்று அடுத்த முறை கவனியுங்கள்.

அதே 1901-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். பின்னாளில் மூளை அறுவைக்குத் தந்தை எனப்பட்டவர். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் இரத்த அழுத்தம் என்னவாகிறது என்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆராய்ந்து முடித்த கையோடு இத்தாலிக்கு வந்தார். பவியா நகரின் சான் மத்தேயோ மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலருகே ரிவா-ரொச்சியின் கருவி சர்வசாதாரணமாகப் புழங்குவதைக் கண்டார். அதைப் படம் வரைந்துகொண்டார். கருவி ஒன்றையும் வாங்கிக்கொண்டு பால்டிமோருக்குத் திரும்பினார். மாணவனாக இருந்தபோதே, மயக்க மருந்து கொடுக்கும்போது நாடியையும் மூச்சையும் தொடர்ந்து தாளில் குறிக்கும் பழக்கத்தைத் தொடங்கியவர் அவர். இப்போது அந்தத் தாளில் இன்னொரு வரி சேர்ந்தது.

எல்லாரும் வரவேற்கவில்லை. பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவர்கள் குழு போட்டு ஆராய்ந்து, பழகிய விரலே மேல் என்று முடிவு செய்தார்கள். கருவி வந்தால் விரலின் கூர்மை மழுங்கிவிடும் என்று பிரிட்டனிலும் கவலைப்பட்டார்கள். சிரிக்கத் தோன்றும், ஆனால் அவர்கள் முட்டாள்களல்லர். நாடி பிடித்துப் பார்ப்பது உலகெங்கும் மருத்துவரின் தலையாய திறமையாக இருந்த காலம் அது. நம் சித்த வைத்தியர் மூன்று விரலால் செய்வதும் அந்த மரபில் வந்ததுதான். விரலுக்கு நாடியின் நடை, நிறைவு, விறைப்பு எல்லாம் தெரியும். எண் தெரியாது.

ரிவா-ரொச்சியின் கருவிக்கும் பாதி எண்தான் தெரிந்தது. விரலால் நாடியைப் பிடித்தால் மேல் அழுத்தம் கிடைக்கும். கீழ் அழுத்தத்துக்கு வழியில்லை. அதற்கு விடை வந்த திசையை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

நிக்கோலாய் கொரொட்கோவ் ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரில் 1874-இல் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். அறுவை மருத்துவர். 1904-இல் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டபோது மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்குப் போனார். குண்டு துளைத்த சிப்பாய்களுக்குத் தமனிச் சுவர் கிழிந்து, பலூன் போல வீங்கியிருக்கும். அந்தத் தமனியைக் கட்டிவிட வேண்டும். கட்டினால் கை, கால் பிழைக்குமா? பக்கத்துக் கிளைக் குழாய்கள் போதுமான இரத்தத்தைக் கொண்டுபோனால் பிழைக்கும், இல்லாவிட்டால் அழுகும். கட்டுவதற்கு முன்னாலேயே இதை எப்படித் தெரிந்துகொள்வது? இதுதான் அவருடைய கவலை. வீங்கிய தமனியின் மேல் காதை வைத்துக் கேட்பது ரஷ்ய அறுவை மருத்துவர்கள் நிகலாய் பிரகோவிடம் கற்ற வழக்கம். கொரொட்கோவ் வீக்கத்துக்கு மேலும் கீழும் தமனியை அழுத்தியும் விட்டும் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படிக் கேட்கும்போது ஒன்று புலப்பட்டது. தமனி அதன் போக்கில் இருந்தால் சத்தமே இல்லை. முழுக்க நசுக்கினாலும் சத்தமில்லை. நடுவில்தான் சத்தம்.

இதை ரிவா-ரொச்சியின் பட்டையோடு சேர்த்து, 1905 நவம்பர் 8-ஆம் தேதி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவக் கழகத்தில் எடுத்துச் சொன்னார். அச்சில் ஒரு பக்கத்துக்கும் குறைவு. 281 சொற்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். மேல்கையில் பட்டையைச் சுற்று, ஓட்டம் நிற்கும் வரை காற்றடி. பட்டைக்குக் கீழே தமனியின் மேல் குழந்தைகளுக்கான சிறு ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேள். சத்தம் இல்லை. பாதரசத்தை மெல்ல இறக்கு. முதல் சத்தம் கேட்கும் இடம் மேல் அழுத்தம். இன்னும் இறக்கு, சத்தம் இரைச்சலாகும், மறுபடி தட்டும், மெலியும், மறைந்துவிடும். மறையும் இடம் கீழ் அழுத்தம். விரலுக்கு நாடி தட்டுப்படுவதற்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே காதுக்குச் சத்தம் கேட்டுவிடுகிறது என்றும் குறிப்பிட்டார்.

இந்தச் சத்தம் இதயத்திலிருந்து வந்து கேட்கிறதோ என்று அவையில் ஐயம் எழுந்தது. அங்கேயே, அந்தத் தமனியிலேயே பிறக்கும் சத்தம்தான் என்று கொரொட்கோவ் வாதாடினார். அதே கழகத்தின் பேராசிரியர் மிகயீல் யனோவ்ஸ்கி அந்த முறையைத் தன் மாணவர்களோடு சோதித்து, சரி என்று ஊரறியச் செய்தார்.

அழுத்தம் 120/80 உள்ள ஒருவரை வைத்துப் பார்ப்போம். பட்டையில் 150. தமனி முழுக்க மூடிக் கிடக்கிறது; எதுவும் போகவில்லை, எதுவும் கேட்கவில்லை. 120-க்கு ஒரு மயிரிழை கீழே வந்ததும், இதயத் துடிப்பின் உச்சத்தில் மட்டும் தமனி ஒரு கணம் திறந்து இரத்தம் பீய்ச்சுகிறது, உடனே மூடிக்கொள்கிறது. அந்தத் திறப்பும் பீய்ச்சலும் "டப்" என்று கேட்கிறது. 100-இல் ஒவ்வொரு துடிப்பிலும் பாதி நேரம் போலத் திறந்திருக்கும். ஒடுங்கிய வழியில் இரத்தம் சுழித்து ஓடும் இரைச்சல் சேர்ந்துகொள்ளும். 80-க்குக் கீழே போனதும் இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்திலும் தமனியை மூடப் பட்டைக்குச் சக்தியில்லை. இரத்தம் சுழிக்காமல் அடுக்கடுக்காக வழுக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்குச் சத்தமில்லை. இந்தச் சத்தத்தின் துல்லியமான இயற்பியலை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அலசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். எண் எடுக்க அது தேவைப்படவில்லை.

கொரொட்கோவ் பிறகு சைபீரியாவின் லேனா தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1912-இல் அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை ராணுவம் சுட்டபோது அவர் அங்கே இருந்தார். 1920-இல் காசநோயால் இறந்தார், 46 வயதில். முனைவர் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வேடு, அவர் உண்மையாகக் கவலைப்பட்ட பக்கக் கிளைக் குழாய்களைப் பற்றியது. உலகம் அவரை நினைப்பது அந்தச் சிறு குறிப்புக்காக. ரிவா-ரொச்சி வடஇத்தாலியின் வரேசே மருத்துவமனையை நெடுங்காலம் நடத்தி 1937-இல் மறைந்தார்.

எண் கையில் வந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது என்று மருத்துவர்களுக்கு முன்னால் புரிந்துகொண்டவர்கள் காப்பீட்டுக்காரர்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம், விண்ணப்பிப்பவர்களின் இரத்த அழுத்தத்தை இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே எடுக்கத் தொடங்கியது. எந்த நோயும் தெரியாத, நன்றாக நடமாடுகிற, ஆனால் எண் கூடுதலாக உள்ள ஆள்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று கணக்குப் புத்தகம் காட்டியது. மருத்துவர்கள் நம்ப மறுத்தார்கள். விறைத்த குழாய்களில் இரத்தத்தைத் தள்ள உடல் வேண்டுமென்றே அழுத்தத்தை ஏற்றிக்கொள்கிறது, அதைக் குறைத்தால் ஆபத்து என்பது அன்றைய நம்பிக்கை. இதய மருத்துவத்தின் பெரிய பெயரான பால் டட்லி வைட் 1931-இல் எழுதிய பாடநூலில் கூட அந்த எண்ணம் இருக்கிறது.

அதன் விலையை ஒரு நாட்டின் தலைவரே கொடுத்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108. அன்று கையில் இருந்த மருத்துவத்தால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று கடும் தலைவலி என்று சொல்லிச் சாய்ந்தபோது மருத்துவர் எடுத்த எண் 300/190. மூளைக்குள் தமனி வெடித்திருந்தது. வயது 63. மூன்று ஆண்டுகள் கழித்து மாசசூசெட்ஸில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில், இதய நோய் ஏன் வருகிறது என்று அறிய, 5,209 பேரை ஆயுள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. ஏறிய அழுத்தத்தை மருந்தால் குறைத்தால் உயிர் பிழைக்கிறது என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிய முதல் பெரிய சோதனை 143 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்தது; முடிவு 1967-இல் வெளிவந்தது. ரிவா-ரொச்சியின் பட்டைக்கு அப்போது 71 வயது.

பாதரசம் நச்சு. 2013-இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை பாதரச இரத்த அழுத்தமானிகளின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2020-க்குள் நிறுத்தச் சொன்னது. இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. அளவு மட்டும் மில்லிமீட்டர் பாதரசமாகவே தொடர்கிறது. வீட்டு அலமாரியில் இருக்கும் மின்னணுக் கருவியில் பாதரசமும் இல்லை, காதும் இல்லை. பட்டை தளரும்போது தமனியின் துடிப்பால் அதற்குள் இருக்கும் காற்று அதிர்வதை அது உணர்கிறது. அதிர்வு மிக அதிகமாக இருக்கும் இடம் சராசரி அழுத்தம். அதை மட்டும்தான் அது அளக்கிறது. மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அதிர்வின் வடிவத்திலிருந்து கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கைக் கருவி செய்யும் நிறுவனங்கள் பொதுவாக வெளியே சொல்வதில்லை. கையைத் தொங்கவிட்டபடி எடுத்தால் பட்டை இதய மட்டத்துக்கு எவ்வளவு கீழே போகிறதோ அதற்கேற்ப எண் ஏறும். பத்து சென்டிமீட்டருக்கு ஏழெட்டு மில்லிமீட்டர். மேசை மேல் கையை வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

அப்படியானால் அந்தக் கணக்கு சரி என்று யார் சொல்வது? புதிய கருவிக்கான சர்வதேசத் தரச் சோதனையில் குறைந்தது 85 பேருக்கு அளந்து காட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் பயிற்சி பெற்ற இரண்டு பேர், ஒருவர் எடுத்த எண்ணை மற்றவர் பார்க்காமல், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கொரொட்கோவ் சொன்ன சத்தங்களைக் கேட்டுக் குறிப்பார்கள். அவர்கள் காதோடு ஒத்துப் போனால்தான் கருவி அந்தச் சோதனையில் தேறும்.